எங்கே வலித்தது

கயிற்றை அறுக்க வேண்டி வரவில்லை, அதுவே பெரிய காரியம் என்று துளசிமணி நினைத்துக்கொண்டாள். உள்ளே இரும்போ வெள்ளியோ எதுவும் போகக் கூடாது, இடுப்பில் தாயத்துக் கோத்த கயிறு இருந்தால் அறுத்துவிடுங்கள் என்று சொல்லி, ஸ்கேன் அறை வாசலில் நின்ற நீலச் சட்டைக்காரர் கத்தரிக்கோலை நீட்டியபோது அவள் இரண்டடி பின்னால் போனாள். ஆம்பிளையின் அரணாக்கயிற்றை எப்போது அறுப்பார்கள் என்று இந்த மனுசனுக்குத் தெரியாதா, இவர் வீட்டில் சாவே விழுந்ததில்லையா? பழைய கயிற்றை மாற்றுவதென்றால்கூடப் புதுசைக் கட்டிய பிறகுதான் பழசை அவிழ்ப்பார்கள், உயிரோடு இருக்கிறவர் இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. அறுக்க வேண்டாமுங்க, நானே அவிழ்த்துத் தருகிறேன் என்று குனிந்து முடிச்சைத் தேடினாள். தைப்பொங்கலன்று அவளே போட்ட முடிச்சு. ஆறு மாத வேர்வையும் மஞ்சள் தூளும் ஏறிக் கல்லாகிக் கிடந்தது, நகம் இறங்கவில்லை. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, புருஷன் அர்த்தநாரி பச்சை அங்கிக்குள் கையை விட்டு, கயிற்றின் இரண்டு பக்கமும் பெருவிரலைக் கொடுத்துக் கீழே தள்ளினார். அது இடுப்பெலும்பைத் தாண்டி, தொடையைத் தாண்டி, தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் வட்டமாக விழுந்தது. அவர் அந்த வட்டத்திலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்து வெளியே வைத்தார். பார்த்தாயா, சுளுவாக வந்துவிட்டது என்றார், என்னவோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டவர் மாதிரி. அவளும் அப்பாடா என்று கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதவு மூடி, மேலே சிவப்பு விளக்கு எரிந்து, பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. தை மாதம் கட்டும்போது சுண்டுவிரல்கூட நுழையாத கயிறு அது.

உள்ளே இயந்திரம் தொடங்கிவிட்டது. நாற்பது நிமிஷம் ஆகும், சத்தமாக இருக்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். சத்தத்துக்கு அவள் ஏன் பயப்படப்போகிறாள், மஞ்சள் மண்டியில் மெருகு டிரம் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக் காது மரத்தவள். அவித்துக் காயவைத்த விரலி மஞ்சளை மூட்டை மூட்டையாக டிரம்மில் கொட்டிச் சுற்றவிட்டால் கடகடவென்று ஒன்றோடொன்று உரசித் தோல் உதிர்ந்து, பொன் மாதிரி வந்து விழும். சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு போகிற நாளில், தூள் பறக்கிற அந்தக் கொட்டகைக்குள் அவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம், எல்லாம் ஒரே நிறம். முப்பது வருஷத்துக்கு மேல் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவர் இன்றைக்கு டிரம்முக்குள்ளேயே படுத்திருக்கிறார். தட்தட்தட் என்று அடித்தது, நின்றது, பிறகு ஈயென்று ஒரு இழுப்பு, மறுபடியும் தட்தட். மூச்சை இழுங்கள், அடக்குங்கள், விடுங்கள் என்று யாரோ ஒலிபெருக்கியில் சொல்வதும் கேட்டது. அடக்கச் சொன்னால் அவர் நன்றாக அடக்குவார், அதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் மடியில் கயிறும், அவர் கைக்கடிகாரமும், ஒரு தாளும் இருந்தன. தாளை நிரப்பி, ஸ்கேன் முடிந்ததும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எட்டாவது வரை படித்தவள், அதெல்லாம் கேட்காமலே நிரப்புவாள். பெயர் அர்த்தநாரி, வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை இல்லை, அறுவை சிகிச்சை இல்லை. கண் மஞ்சளாகி எத்தனை நாள் என்று கேட்ட இடத்தில் மட்டும் வெகுநேரம் யோசித்து நாற்பது என்று எழுதினாள், அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. ஆறாவது கேள்வி, வயிற்று வலி: உண்டு, இல்லை. உண்டென்றால் எங்கே, எப்போது. அதை விட்டுவிட்டு ஏழாவதுக்குப் போயிருந்தாள், கடைசி வரை போய்விட்டுத் திரும்பவும் அங்கேயே வந்து நின்றாள்.

நேற்று அந்த டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டது. சின்ன வயசு, மகள் கோகிலாவைவிட நாலைந்து வயசு கூட இருக்கும், கழுத்தில் சின்னதாக ஒரு சங்கிலி. பித்தம் இறங்குகிற குழாய் எங்கேயோ அடைத்திருக்கிறது, அதனால்தான் மஞ்சள் ரத்தத்தில் ஏறுகிறது, அடைப்பது கல்லாகவும் இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால் தெரியும் என்றது. வேறு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை. அவரைப் படுக்கவைத்து வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுங்கள் என்று சொல்லி அமுக்கிப் பார்த்தது. அங்கேயே விரல் நின்றுவிட்டது. வலிக்கிறதா? இல்லீங்க. இப்போது? இல்லீங்களே. அது எழுந்து போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தது. அவரும் அதே இடத்தில் கை வைத்தார், அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பெரிய டாக்டர்கள் முகத்தில் எதுதான் தெரியும்? இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டதில் பெயின்லெஸ் என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. பிறகு டாக்டரம்மா இவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "வலி ஒரு தடவைகூட வரலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றது. அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது, இப்போது நினைத்தால் தெரிகிறது. நேற்றுத் தெரியவில்லை. அவர் இல்லீங்க என்று தலையை ஆட்டினார், பரீட்சையில் பதில் தெரிந்தவர் மாதிரி. இவள் சும்மா இருந்தாளா, இருந்தால் அவள் துளசிமணி இல்லையே. முந்திக்கொண்டு, "வலின்னு ஒரு நாள் படுத்ததில்லீங்க டாக்டர், அந்த மட்டுக்கும் நல்ல ஒடம்பு" என்றாள். சொல்லும்போது பெருமையாக இருந்தது. டாக்டரம்மா பேனாவை எடுத்து என்னவோ எழுதியது. அப்படிச் சொன்ன வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது இப்போது துளசிமணிக்கு.

ஏனென்றால் இன்றைக்குக் காலையில் இதே பெஞ்சில் பவானிக்காரம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மருமகனுக்கு முட்டியில் ஸ்கேன் என்று வந்தவள், தன் கதையைச் சொல்லாவிட்டால் காபி இறங்காத ரகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் இதே காமாலைதானாம், பித்தக் குழாயில் கல்லாம். அட, அந்த வலியை ஏன் கேட்கிறீர்கள், மூன்று பிள்ளை பெற்றவள் நான், அதெல்லாம் ஒன்றுமில்லை, பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே உருண்டேன், முதுகு வழியாகத் தோள்பட்டை வரைக்கும் போய்ப் பிடித்தது என்றாள். காய்ச்சல் வந்து குளிர் தூக்கிப் போட்டதாம், இரண்டு போர்வை போர்த்தி மேலே ஆள் படுத்தும் நடுக்கம் நிற்கவில்லையாம். கண் மஞ்சளாகும், நாலு நாளில் தெளியும், மறுபடியும் மஞ்சளாகும், கல் உருண்டு உருண்டு வழியை அடைத்தும் விட்டும் விளையாடியதாம். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்துப் போட்டார்கள், மூன்றாம் நாள் இட்லி தின்றேன், இப்போது ஞாயித்துக்கிழமையானால் கறிக்குழம்பு என்று சிரித்தாள். சிரித்த வாயோடு, "கல்லுன்னா வலி உசுரு போயிருமுங்க. வலியே இல்லாம மஞ்சளேறுனாத்தான் பயப்படோணும்னு எங்க டாக்டரு சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் இவள் முகத்தைப் பார்த்தாள். உங்க வீட்டுக்காரருக்கு எப்படிங்க என்று கேட்டாள். துளசிமணி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. வலி இருந்ததுங்க, அப்பப்ப வரும் என்றாள். அப்ப பயமில்லை அம்மிணி, கல்லுதான் என்று அந்தம்மா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, மருமகனைத் தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கை வைத்த இடம் இன்னும் சூடாக இருந்தது. திருடிக்கொண்டு வந்த சாமான் மாதிரி அந்த ஆறுதலை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கீழே போடவும் மனசு வரவில்லை. அந்தம்மா போன பிறகு, அவரை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால், நிஜமாகவே ஒரு தடவைகூட வலிக்கவில்லையா என்று அவரிடம் மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்று முறையும் இல்லை என்றார். மூன்றாம் முறை கேட்டபோது அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

நாற்பது நாளா, அறுபது நாளா? யாருக்குத் தெரியும்? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், கண்டதெல்லாம் மஞ்சளாகவே இருக்கிற வீட்டில் காமாலையை யார் கண்டார்கள்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் உள்ளங்கை மஞ்சள், நகக்கண் மஞ்சள், பனியன் மஞ்சள், தலையணை உறை மஞ்சள். எத்தனை சோப்பு, எத்தனை நீலம், எத்தனை வசவு. வைகாசியில் மண்டியில் வேலை செய்கிற பெண்கள், அண்ணனுக்கு மறுபடியும் கல்யாணக் களை வந்துவிட்டது, முகத்தைப் பாருங்கள் என்று கேலி செய்தார்கள். அவளும்தான் சிரித்தாள், நானே இவ்வளவு மஞ்சள் பூசிக் குளிப்பதில்லை என்று பதிலுக்குச் சொன்னாள். உடம்பு அரிக்கிறது என்றார், தூள் வேர்வையோடு ஒட்டினால் அரிக்கத்தான் செய்யும் என்று தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். ராத்திரியெல்லாம் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றாரே, அப்போதாவது தோன்றியதா? சோறு இறங்கவில்லை என்றார், வெயில் காலம் என்றாள். பிறகு பத்து நாள் மண்டிக்கு லீவு விட்டார்கள், மஞ்சளைத் தொடவே இல்லை. பத்தாம் நாள் அவர் பனியனைத் துவைத்துக் காயப்போட்டபோது கழுத்துப்பட்டையும் அக்குளும் மஞ்சளாக இருந்தன. அவள் அதைப் பிடித்துக்கொண்டு கொடியடியில் எவ்வளவு நேரம் நின்றாள்? அவரை வெயிலில் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணை விரித்துப் பார்த்தால், வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை. அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடினாளா? இல்லை. காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்று ஊரே சொல்கிறது, அவளும் சொன்னாள். காங்கயம் ரோட்டில் ஒருவர் கீழாநெல்லி அரைத்து மோரில் கரைத்துக் கொடுக்கிறார், பதினொரு நாள், எண்ணெய் கூடாது, உப்பு பாதி. பதினொரு நாள் முடிந்து இன்னொரு பதினொரு நாள். ஆள் இளைத்தபோது, பத்தியம் இருந்தால் இளைக்காமல் பெருக்கவா செய்யும் என்றாள். மூத்திரம் பால் விடாத கட்டங்காபி மாதிரி போகிறது என்று அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னபோது, சூடு வெளியேறுகிறது என்று மருந்துக்காரர் சொன்னார், அவள் நம்பினாள். மலம் வெள்ளைக் களிமண்ணாகப் போனதை அவர் அவளிடம் சொல்லவே இல்லை, நேற்று டாக்டரம்மா கேட்டபோதுதான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. இந்தப் பதில்களையெல்லாம் எடுத்துப் போட்டு யாராவது அவளைச் செருப்பால் அடித்தால் நன்றாக இருக்கும்.

சத்தம் நின்றது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேறு சத்தம், டுக்கு டுக்கு என்று. இருபது நிமிஷம் போயிருக்குமா என்று கடிகாரத்தைப் பார்த்தால் பதினொரு நிமிஷம்தான் ஆகியிருந்தது. வலி, வலி, எங்கேயாவது ஒரு வலி இருந்திருக்க வேண்டும். வேண்டாத சாமியில்லை என்று எல்லோரும் வலி போகத்தான் வேண்டுவார்கள், புருஷனுக்கு வலி வந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிற பெண்டாட்டி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முப்பத்திரண்டு வருஷத்தையும் ஒரு மூட்டை மஞ்சளைக் கொட்டிப் பொறுக்குவது போலப் பொறுக்கிப் பார்த்தாள். கோகிலா பிறந்த வருஷம் மூட்டை சரிந்து அவர் கால் பெருவிரலில் விழுந்தது, வீடு வரை நடந்து வந்து சோறு தின்று படுத்துவிட்டார், காலையில் செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரியும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து ஒன்றுமில்லை என்றார். அந்த ஒன்றுமில்லை இருக்கிறதே, அதில்தான் அவள் இப்போது தொங்கிக்கொண்டிருக்கிறாள். ஏனென்றால் அந்த மனுசன் வலிக்கவில்லை என்று சொன்னால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பத்தொன்பது வருஷம் பங்குனியில் மாரியம்மன் கோயில் குண்டம் இறங்குகிறவர். முழங்கால் அளவு விறகு எரிந்து கங்காகிக் கிடக்கிற குழியில், கையில் வேப்பிலையோடு இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிறவர். சுட்டதா என்று யாராவது கேட்டால், பூ மேலே நடந்த மாதிரி என்றுதான் சொல்ல வேண்டும், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சுட்டது என்று சொன்னால் விரதத்தில் குறை, வீட்டில் தீட்டு. ஊர் அவர் காலைப் பார்க்காது, அவர் பெண்டாட்டியைத்தான் பார்க்கும், என்ன செய்தாளோ என்று. முதல் வருஷமே அவர் பாதத்தில் நெல்லிக்காய் அளவு கொப்புளங்களை அவள் பார்த்திருக்கிறாள், கதவைச் சாத்திவிட்டு நெய் தடவியிருக்கிறாள். வலிக்குதுங்களா என்று கேட்டாள். பூ மாதிரி இருந்தது என்றார், அவளிடமே. பத்தொன்பது வருஷமும் அவளிடமே பூ என்றார்.

ஆகவே வலி இருந்திருக்கலாம். இருந்து, மறைத்திருக்கலாம். இந்த வருஷம் குண்டத்தின் நடுவில் அவர் நின்றாரே, அது என்ன? அதை அவள் கண்ணால் பார்த்தாள். விடிந்தும் விடியாத நேரம், தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்தாள், அவர் இறங்கினார், மூன்று எட்டு வைத்தார், நாலாவது எட்டில் கால் தயங்கியது. அரை அடி. ஒரு மூச்சு நேரம். கை வயிற்றுக்குப் போனதா, வேப்பிலையைச் சரியாகப் பிடித்தாரா? போனது. போன மாதிரிதான் இருந்தது. குண்டத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், நின்றால் கால் வெந்துவிடும். ஏனுங்க நின்றீர்கள் என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், முன்னால் போனவன் நின்றுவிட்டான் என்றார். முன்னால் போனவனை அவள் பார்க்கவில்லை. ஒருவேளை சுருக்கென்று பிடித்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் கல் உருண்டிருக்கலாம். காலுக்குக் கீழே கங்கு, விலாவுக்குள்ளே கல், பாவம் எதைத்தான் பொறுப்பார், நின்றுவிட்டார். அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் கல், கல்லென்றால் குழாய் விட்டு எடுப்பார்கள், மூன்றாம் நாள் இட்லி. அவள் பேனாவை எடுத்து உண்டு என்ற சொல்லின் பக்கத்தில் கொண்டுபோனாள். காய்ச்சல்? ஒரு நாள் மின்விசிறியை நிறுத்து என்றாரே, அது குளிரா? இல்லை, கரண்டு போய் வந்தபோது சத்தம் போட்டது, அதற்காகச் சொன்னது. கண் தெளிந்து மறுபடி மஞ்சளானதா? இல்லை. ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு நாள்கூட இறங்கவில்லை. கை தாளிலிருந்து விலகியது. பித்தக் குழாயில் பூச்சி புகுந்துகூட அடைக்கும் என்று பவானிக்காரம்மா சொன்னாள், பூச்சியாகவாவது இருக்கட்டும், என்ன அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. கல் இல்லாவிட்டால் பூச்சி, பூச்சி இல்லாவிட்டால் குழாய் சும்மாவே சுருங்கியிருக்கலாம், அதுகூட உண்டாம். ஆனால் அந்த விரல்கள் அங்கே ஏன் நின்றன? வலிக்காமல் கைக்குத் தட்டுப்பட்டது எது? ஏன் இன்னொருத்தரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்? அந்த ஓர் இடத்தைத் தாண்டி அவள் யோசனை போகவில்லை, போகிற வழியெல்லாம் சுற்றிவந்து டாக்டரம்மாவின் நாலு விரலில் முட்டிக்கொண்டு நின்றது. கோகிலாவுக்கு இது எட்டாம் மாசம். அவளிடம் சாதாரணக் காமாலை என்றுதான் சொல்லியிருக்கிறது. வளைகாப்புக்கு அப்பா வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும், அதற்கு ஒரு மாசம் இருக்கிறது, ஒரு மாசம் போதுமே, ஒரு மாசம் கேட்டால் கொடுக்க மாட்டார்களா? யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

சத்தம் அடங்கிய பிறகு வெகுநேரம் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சட்டைக்காரரும் இன்னொருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது பாதி தெரிந்தது. இன்னொருவர் விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு நீலச் சட்டைக்காரர் மட்டும் வெளியே வந்தார். காலையில் கத்தரிக்கோலை நீட்டியபோது இருந்த அவசரம் இப்போது அவரிடம் இல்லை, மெதுவாக வந்தார். ரிப்போர்ட் சாயந்திரம் டாக்டருக்கே போய்விடும், அவங்களே சொல்லுவாங்க என்றார். அவள் தலையாட்டினாள். அவர் திரும்பிப் போகாமல் நின்றார். "கூட ஆம்பளைங்க யாராவது வந்திருக்காங்களாம்மா?" என்று கேட்டார். இல்லீங்க, நானும் அவருந்தான் என்றாள். அண்ணன் தம்பி, மருமகன், யாரையாவது சாயந்திரம் வரச்சொல்லுங்க என்று அவர் கதவைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. கல் என்றால் பொம்பளையிடமே சொல்வார்கள், கல்லுக்கு எதற்கு ஆம்பிளைத் துணை? தாளைக் கொடுங்கள் என்றார். ஒன்று பாக்கியிருக்கிறது, எழுதித் தருகிறேன் என்றாள் அவள். அவர் அந்தத் தாளுக்கு இனி என்ன அவசியம் என்று சொல்லவில்லை, சரிங்கம்மா என்று உள்ளே போய்விட்டார், நல்ல மனுசன்.

அர்த்தநாரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பச்சை அங்கிக்கு மேலே அவர் கழுத்தும் முகமும் முற்றிய எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தன. அவர் தோள் எலும்புகள் இவ்வளவு வெளியே எப்போது வந்தன? வாங்க, இதை முதலில் கட்டிவிடலாம் என்று அவரைத் துணி மாற்றுகிற மூலைக்குக் கூட்டிப்போய்த் திரையை இழுத்துவிட்டாள். அவர் வழக்கம் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கயிற்றைத் தலை வழியாகப் போட்டு இறக்கினாள், தோளில்கூடத் தடங்கவில்லை. இடுப்பில் நிற்காமல் சரிந்த கயிற்றை ஒரு கையால் பிடித்து, மிச்சமிருந்ததை மடித்துப் பார்த்தாள். ஒரு சாண் இருந்தது. பழைய முடிச்சை அவிழ்க்க முடியாது, அந்த ஒரு சாணையும் சேர்த்துப் பிடித்துப் பக்கத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அவள் முகம் அவர் வயிற்றுக்கு நேரே இருந்தது. நிமிர்ந்தால் அவர் பார்த்துவிடுவார் என்று முடிச்சையே இறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லா வருஷமும் பொங்கலன்று இப்படித்தான் குனிந்து கட்டுவாள், இறுக்கிட்டே புள்ளே என்று அவர் சத்தம் போடுவார். இன்றைக்கு அது இல்லை. பிறகு அவள் தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"உள்ள படுத்துட்டு ரோசன பண்ணிப் பாத்தேன் துளசி. வலிச்சுது."

அவள் விரல்கள் நின்றன. எப்பங்க என்று கேட்டாள்.

"குண்டத்துல நின்னேனே, அன்னிக்கு. முன்னால எவனும் நிக்கல. எனக்குத்தான் தாங்க முடியல."

பத்தொன்பது வருஷம் வாயில் வராத சொல். ஆத்தாளின் குண்டத்தில் வலித்தது என்று ஒரு ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறார். அவளுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், உடம்பெல்லாம் லேசானது. நீலச் சட்டைக்காரர் எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பாராக இருக்கும், சின்ன வயசுக்காரர், அவருக்கு என்ன தெரியும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்கீங்க வலிச்சுது?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். யோசித்துவிட்டுத் தூக்கியிருந்த கையை இறக்கி, தொப்புளுக்கு இடது பக்கமாக, கீழே, அடிவயிற்றில் வைத்தார். நேற்று இரண்டு டாக்டர்களின் கையும் நிற்காத இடம் அது. இங்கேதான், நல்ல வலி என்றார், சரியாகச் சொல்லிவிட்டோமா என்பது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன், பூ என்று சொன்ன ஒரே பொய்யைத் தவிர. அந்தப் பொய்யைத்தான் இப்போது இவளுக்காக எடுத்துக் கீழே போட்டுவிட்டு, இன்னொன்றை அந்த இடத்தில் வைக்கப் பார்க்கிறார், அதை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. துளசிமணி அந்தக் கையைப் பிடித்தாள். மஞ்சள் ரேகை ஓடிய கை, கனமே இல்லை. அதை மெல்ல வலது பக்கம் நகர்த்தி, மேலே ஏற்றி, விலாவுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கதானுங்களே?"

அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"ஆமா," என்றார். "அங்கதான்."

அவள் தாளை எடுத்துச் சுவரில் வைத்து, உண்டு என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். எங்கே என்று கேட்டிருந்த கோட்டில், வலது பக்கம், விலாவுக்குக் கீழே என்று எழுதினாள். எப்போது என்ற இடத்தில் பங்குனி என்று எழுதினாள்.